304-ஏ வழக்கில் ஓராண்டு தண்டனை: நாகர்கோவில் செஷன்ஸில் அப்பீல் போடும்போது எதைப் பார்க்கணும்?

#1 ரப்பர்தோட்டம்

விவரத்தைச் சுருக்கமா சொல்றேன். 2021-ல தக்கலை பக்கம் ஒரு வளைவில் நடந்த விபத்து. மினி டெம்போவும் பைக்கும். பைக்கில் வந்தவரை ஆசாரிப்பள்ளம் கொண்டுபோய், அங்கிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி, நாலாம் நாள் இறந்துட்டார். முதல்ல 279, 338-னு போட்ட கேஸ் அப்புறம் 279 (அஜாக்கிரதையா ஓட்டினது), 304-ஏ (அஜாக்கிரதையால் மரணம்) ஆச்சு.

டெம்போ டிரைவர் மேல மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பு வந்து இன்னைக்கு 11 நாள். 279-க்கு 3 மாசம், 1,000 ரூபாய் அபராதம். 304-ஏ-க்கு ஓராண்டு, 5,000 ரூபாய் அபராதம், கட்டாட்டி ஒரு மாசம். அபராதம் கட்டியாச்சு. தண்டனையை 30 நாளைக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க. தீர்ப்போட இலவச நகல் கையில இருக்கு. சாட்சியங்களுக்கு இன்னும் காப்பி போடலை.

"தீர்ப்பை எதிர்க்காதீங்க, தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லிக் கேளுங்க, அதுதான் நடக்கும்"னு ஒரு யோசனை வருது. சரியா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கோர்ட்டுவாசல்

முதல்ல தேதிக் கணக்கு. மத்ததெல்லாம் பிறகு.

மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு அப்பீல், நாகர்கோவில் முதன்மை மாவட்ட மற்றும் அமர்வு நீதிமன்றத்துல. காலக்கெடு 30 நாள், லிமிட்டேஷன் ஆக்ட் 115-வது பிரிவுக்கூறு. தீர்ப்பு நாளைக் கழிச்சுட்டு எண்ணணும். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டா, மனு போட்ட நாள்ல இருந்து நகல் தயாரான நாள் வரைக்கும் கணக்குல சேராது. நகலோட கடைசிப் பக்கத்துல ஒரு முத்திரை இருக்கும்: மனு தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டின தேதி, தயாரான தேதி, வாங்கின தேதி. கழிவு "தயாரான தேதி" வரைக்கும்தான். நீங்க பத்து நாள் கழிச்சுப் போய் வாங்கினா அந்தப் பத்து நாள் உங்க செலவு. இதுல ஏமாந்தவங்க நிறைய.

ஆனா உங்க நிலைமையில இந்தக் கழிவை நம்பவே வேண்டாம். ரெண்டு கடிகாரம் ஓடுது. ஒண்ணு அப்பீல் காலக்கெடு. இன்னொண்ணு மாஜிஸ்திரேட் கொடுத்த 30 நாள் நிறுத்திவைப்பு. காப்பி தாமதமாச்சுன்னு முதல் கடிகாரம் நின்னாலும் ரெண்டாவது நிக்காது. 31-ம் நாள் செஷன்ஸ் ஆர்டர் கையில இல்லன்னா கீழ் கோர்ட்டு வாரண்ட் போடலாம்.

அதனால 20-லிருந்து 22-ம் நாளுக்குள்ள அப்பீலையும் தண்டனை நிறுத்திவைப்பு மனுவையும் சேர்த்தே தாக்கல் பண்ணுங்க. செக்‌ஷன்ல பேப்பர் பார்த்து, குறை இருந்தா திருப்பிக் கொடுப்பாங்க. சரி பண்ணித் திரும்பக் கொடுத்து, நம்பர் ஆகி, மனு விசாரணைக்கு வர ஒரு வாரம் வேணும். இடையில நாலு நாள் லீவு வந்தா அதோ கதிதான்.

#3 பழையாறு

சட்டப் பிரிவுல ஒரு குழப்பம் வரும், அதை இப்பவே தீர்த்துக்குவோம்.

விபத்து 2021. அதனால குற்றம் ஐ.பி.சி.யில்தான். 2024 ஜூலை 1-லிருந்து நடந்த விபத்துக்குத்தான் ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ். 106(1). அதுல அதிகபட்சம் 5 வருஷம், 304-ஏ-ல 2 வருஷம். பின்னால வந்த கூடுதல் தண்டனையை முன்னால நடந்த செயலுக்குப் போட அரசியல் சாசனம் 20(1) விடாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. 304-ஏ-ல "சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்". வெறும் அபராதத்தோட விடச் சட்டத்துலயே இடம் இருக்கு. 106(1)-ல "சிறையும், அபராதமும்". அந்த வாசல் அங்க அடைச்சாச்சு. பழைய கேஸ்காரங்க இதை மறந்துடக் கூடாது.

நடைமுறைச் சட்டத்துக்கு வந்தா, அப்பீல் உரிமை தர்ற பழைய சி.ஆர்.பி.சி. 374(3) இப்போ பி.என்.எஸ்.எஸ். 415(3). தண்டனை நிறுத்திவைப்பு 389 இப்போ 430. விசாரணை பழைய சட்டத்துல ஆரம்பிச்சது, அப்பீல் புதுச்சட்டம் வந்த பிறகு போடறது. தலைப்புல ரெண்டு பிரிவையும் போட்டுடுங்க. அதுக்காக யாரும் பேப்பரைத் திருப்ப மாட்டாங்க. ஒண்ணை மட்டும் போட்டுத் திருப்பினா நாள் போகும்.

@ரப்பர்தோட்டம், தீர்ப்போட கடைசிப் பாராவை அப்படியே பாருங்க. ரெண்டு தண்டனையும் "ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்"னு இருக்கா?

#4 ரப்பர்தோட்டம்

பார்த்தேன். அந்த வார்த்தை இல்லை. "மேற்படி தண்டனைகளை அனுபவிக்க வேண்டியது" என்று மட்டும் இருக்கு.

#5 பழையாறு

அப்போ 12 மாசம் இல்ல, 15 மாசம். ஏககாலம்னு கோர்ட்டு சொல்லாட்டி ஒண்ணு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும், சி.ஆர்.பி.சி. 31. இதைத் தனிக் காரணமா எழுதுங்க. அதோட, அஜாக்கிரதையா ஓட்டினதுங்கறது 304-ஏ-க்குள்ளேயே அடங்கின விஷயம், அதே செயலுக்கு 279-ல தனித் தண்டனை வேண்டியதில்லைன்னும் சேருங்க, ஐ.பி.சி. 71. கடைசி வரிசையில நிக்கற வாதம்தான். ஆனா எழுதாம விட்டா அதைக் கேட்க ஆள் இல்லை.

#6 வேளிமலை

முதல் பதிவுல கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே. "தண்டனையை மட்டும் கேளு"ங்கற யோசனை தப்பு. முழுக்கத் தப்பு.

சாட்சியத்தை முதல் வரியிலிருந்து திரும்பப் படிச்சு, நம்பலாமா வேண்டாமான்னு புதுசா முடிவு பண்ற அதிகாரம் செஷன்ஸ் கோர்ட்டுக்கு இருக்கு. அங்க தோத்தா அடுத்தது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில ரிவிஷன் (சீராய்வு மனு), 90 நாள் கெடு. ரிவிஷன்ல சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டாங்க. சட்டப்பிழை, வெளிப்படையான அநியாயம் இதைத்தான் பார்ப்பாங்க. ரெண்டு கோர்ட்டு ஒரே மாதிரி சொன்ன பிறகு "இந்தச் சாட்சி பொய்"னு மதுரையில போய்ச் சொன்னா யார் கேட்பா? அதனால உண்மைகளைப் பேசக் கடைசி இடம் நாகர்கோவில்தான். அந்த இடத்துலயே "தீர்ப்பு சரிதான், கொஞ்சம் குறைங்க"ன்னு சொல்லிட்டா மதுரையில பேச வாயே இருக்காது.

குற்றத்தை ஒப்புக்கிட்டு வந்த தண்டனைக்கு மட்டும்தான் அளவையும் சட்டப்படி சரியான்னும் கேட்டுட்டு நிக்கணும். இங்க வழக்கு நடத்தித்தான் தீர்ப்பு வந்திருக்கு. முதல் கோரிக்கை விடுதலை. இல்லாத பட்சத்துக்குத் தண்டனைக் குறைப்பு. ரெண்டையும் ஒரே அப்பீல் மெமோவுல (மேல்முறையீட்டு மனு) போடலாம், போடணும்.

எதிரி (கோர்ட்டு பாஷையில குற்றம் சாட்டப்பட்டவர்) போட்ட அப்பீல்ல செஷன்ஸ் கோர்ட்டு தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்டணும்னா அரசு தனியா அப்பீல் போடணும். அதனால "எதிர்த்தா கூட்டிடுவாங்க"ங்கற பயமும் வேண்டாம்.

#7 தோவாளைப்பூ

வேளிமலை அண்ணாச்சி சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. 304-ஏ அப்பீல்ல தீர்ப்பை உறுதி பண்ணிட்டு ஓராண்டை ஆறு மாசமா, மூணு மாசமா குறைக்கறது சகஜம். இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு தொகையை நஷ்டஈடா டெபாசிட் பண்றோம்னு ஆரம்பத்துலயே சொன்னா அதுக்கு மதிப்பு உண்டு.

#8 வேளிமலை

குறைப்பாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்கும் ஒரு தரை இருக்கு. சௌரப் பக்‌ஷி வழக்குல (2015) பஞ்சாப் உயர்நீதிமன்றம் ஓராண்டை, ஏற்கெனவே உள்ளே இருந்த 24 நாளாக் குறைச்சது. நஷ்டஈடு கொடுத்தாச்சுன்னு காரணம். உச்சநீதிமன்றம் அதை ரத்து பண்ணி ஆறு மாசம் போட்டது. பணம் கொடுத்துட்டா விட்டுடலாம்ங்கற எண்ணம் கூடாதுங்கற தொனியிலேயே எழுதியிருக்காங்க. பல்வீந்தர் சிங் வழக்குலயும் (2012) ஆறு மாசம்தான். நன்னடத்தைச் சட்டம், அதான் 1958-ம் வருஷத்து பிரபேஷன் சட்டம், அதுல விடச்சொல்லிக் கேட்டா அரசுத் தரப்பு உடனே தல்பீர் சிங் வழக்கை (2000) எடுத்து நீட்டும். வண்டி ஓட்டிச் சாவு ஏற்படுத்தினா அந்தச் சலுகை சாதாரணமாக் கிடையாதுன்னு அதுல இருக்கு.

304-ஏ சமரசம் பண்ணக்கூடிய குற்றம் இல்லை. இறந்தவர் வீட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டு "ஆட்சேபணை இல்லை"ன்னாலும் கேஸ் முடியாது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துல இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கற தொகை வேறு, இது வேறு. அங்க வந்த முடிவு இங்க கட்டுப்படுத்தாது.

தண்டனைக் குறைப்புக்காக டெபாசிட் பண்ணணும்னா இறுதி வாதம் நடக்கும்போது பண்ணலாம். ஆரம்பத்துலயே பணத்தை நீட்டினா "தப்புப் பண்ணினவன்"ங்கற முகத்தோட அப்பீல் ஆரம்பமாகுது.

#9 தோவாளைப்பூ

சரி, நேரத்தைப் பத்திச் சொன்னது ஒத்துக்க வேண்டிய விஷயம்.

#10 குழித்துறைப்பாலம்

இப்போ காகிதத்துக்கு வருவோம். மெமோ எழுதறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது: தீர்ப்பு, எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதினது), மாதிரி வரைபடம், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கை, ஆசாரிப்பள்ளத்துல போட்ட விபத்துப் பதிவேட்டு நகல், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, பிரிவு மாற்ற அறிக்கை, எல்லா சாட்சியோட முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, 313 கேள்வி பதில் (சாட்சியத்தைப் பத்தி கோர்ட்டு எதிரிகிட்டக் கேட்டது). கீழ் கோர்ட்டு ரெக்கார்டை செஷன்ஸ் கோர்ட்டு வரவழைக்கும், அது வரட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க. உங்க கையில ஒரு செட் வேணும். சாட்சியங்களுக்கு இன்னைக்கே காப்பி மனு போடுங்க.

பெரும்பாலான மெமோவுல பத்துப் பன்னிரண்டு காரணம் இருக்கும். "கீழமை நீதிமன்றத் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது"ன்னு ஆரம்பிச்சு, எந்தக் கேஸுக்கும் பொருந்தற மாதிரி. கொலைக் கேஸ் மெமோவுல பேரை மாத்தினா இதுக்கும் ஆச்சு. அதைப் படிக்கற ஜட்ஜுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஒவ்வொரு காரணத்துலயும் அ.சா.2 (அரசுத் தரப்பு ரெண்டாவது சாட்சி) இன்னது சொன்னார், அ.சா.ஆ.4-ல (அரசுத் தரப்பு நாலாவது ஆவணம்) இன்னது இருக்கு, தீர்ப்பு இத்தனாவது பாராவுல இதைப் பார்க்கலைன்னு எழுதணும்.

அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது மூணு. ஓட்டினது இவர்தான். ஓட்டின விதம் அதிவேகம் அல்லது அஜாக்கிரதை. அதோட நேரடி விளைவுதான் மரணம். எந்தக் கண்ணி தளர்ந்திருக்குன்னு காகிதத்தைப் படிச்சாத் தெரியும்.

#11 கோர்ட்டுவாசல்

மூணாவது கண்ணி நம்ம மாவட்டத்துக்குத் தனியா உள்ளது. ஆள் திருவனந்தபுரத்துல இறந்தா பிரேத விசாரணை அந்த ஊர்ப் போலீஸ், பரிசோதனை அந்த ஊர் டாக்டர். காகிதத்துல பாதி மலையாளம். அந்த டாக்டரைச் சம்மன் கொடுத்து வரவழைச்சு விசாரிச்சாங்களா, இல்ல புலனாய்வு அதிகாரி வழியா சான்றிதழைக் குறியீடு பண்ணிட்டு (ஆவணமா எண் போட்டுச் சேர்த்து) விட்டுட்டாங்களா? மொழிபெயர்ப்பு இருக்கா? நாலு நாள் கழிச்சுச் சாவுன்னா சாவுக்குக் காரணம் தலைக்காயமா, ஆஸ்பத்திரியில வந்த வேற சிக்கலான்னு யார் சொன்னது?

ஒரு எச்சரிக்கை. அந்த ஆவணத்தை விசாரணையில உங்க தரப்பு "ஆட்சேபணை இல்லை"ன்னு ஒத்துக்கிட்டிருந்தா, டாக்டரை விசாரிக்கலைன்னு இப்போ பிடிக்க முடியாது. சி.ஆர்.பி.சி. 294 குறுக்கே வரும்.

#12 பழையாறு

ரெண்டாவது கண்ணியில்தான் பாதி அப்பீல் ஜெயிக்குது.

நம்ம ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் ஒரே வரி: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". சாட்சியும் கூண்டுல ஏறி அதையே சொல்வாரு. அதிவேகம்னு சொன்னா மட்டும் அஜாக்கிரதை நிரூபணம் ஆகாது. கர்நாடகா எதிர் சதீஷ் (1998) அதைத்தான் சொல்லுது. வேகம்ங்கறது ரோட்டைப் பொறுத்தது, அந்த ரோட்டுல அந்த நேரத்துல எது அதிகம்னு சாட்சி சொல்லணும். காவல்கிணறு போற நான்குவழிச் சாலையில 60 ஒண்ணுமில்லை. மார்த்தாண்டம் சந்தைக்குள்ள 30-ஏ ஜாஸ்தி.

சாட்சியைப் படிக்கும்போது தேட வேண்டிய ஒரு வாக்கியம்: "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்". இது குறுக்கு விசாரணையில ஒரு மூலையில கிடக்கும். சத்தம் கேட்டுத் திரும்பினவர் மோதினதைப் பார்க்கலை, மோதி முடிஞ்சதைத்தான் பார்த்தாரு. அவர் முதல் விசாரணையில "அதிவேகமா வந்தது"ன்னு சொன்னதுக்கு மதிப்பே இல்லை.

அடுத்து விபத்துப் பதிவேட்டு நகல். ஆசாரிப்பள்ளத்துல முதல்ல பார்த்த டாக்டர், கூட்டி வந்தவர் சொன்னதை அப்படியே எழுதியிருப்பாரு. "அறியாத வாகனம் மோதி"ன்னு இருக்கா, "டெம்போ மோதி"ன்னு இருக்கா, "தானாக வழுக்கி விழுந்து"ன்னு இருக்கா? எஃப்.ஐ.ஆர். எழுதறதுக்கு முந்தின ஆவணம் அது. யோசிக்க நேரம் இல்லாம சொன்ன சொல்.

#13 ஆறுவழி

வேகத்தைப் பத்தி ஒரு கணக்கு. பிரேக் தடத்தோட நீளம் தெரிஞ்சா வேகத்தை ஓரளவு சொல்லலாம். காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வு 0.7-னு வெச்சா, 10 மீட்டர் தடத்துக்கு ஏறக்குறைய மணிக்கு 42 கிலோமீட்டர். மழை பெஞ்ச ரோட்டுல 0.4-னு வெச்சா அதே 10 மீட்டருக்கு 32 கிலோமீட்டர்தான். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடின்னு வெச்சா, 40-ல வர்ற வண்டி அதுக்குள்ளேயே 16, 17 மீட்டர் ஓடியிருக்கும். குறுக்கே 10 மீட்டர் முன்னால திடீர்னு ஒருத்தர் வந்தா எந்த டிரைவரும் நிறுத்த முடியாது.

மகஜர்ல தடத்தோட நீளம் இருக்கான்னு பாருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில நடந்ததான்னும் பாருங்க.

#14 வேளிமலை

கணக்கு சரி, உபயோகிக்கற இடம்தான் கவனம். விசாரணையில யார்கிட்டயும் கேட்காத கணக்கை அப்பீல்ல சாட்சியமா வைக்க முடியாது. கூடுதல் சாட்சியம் கேட்டு மனு போட (சி.ஆர்.பி.சி. 391, புதுசுல 432) வழி இருக்கு, ஆனா விசாரணையில கொண்டு வந்திருக்கக் கூடியதை விட்டுட்டு இப்போ கேட்டா பெரும்பாலும் தள்ளுபடி. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்காம தடுக்கற பிரேக்) உள்ள வண்டியில தடமே சரியா விழாது, அதையும் மறக்காதீங்க.

இதைத் திருப்பிப் போடுங்க. தடம் அளக்கலை, ரோட்டு அகலம் எழுதலை, மோதின இடம் தார் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்னு வரைபடத்துல இல்லை. அளவே இல்லாதப்போ "அதிவேகம்"னு எதை வெச்சு முடிவு பண்ணினீங்கன்னு கேளுங்க. இல்லாத அளவைச் சுட்டிக் காட்டறதுக்கு நிபுணர் தேவையில்லை.

#15 தோவாளைப்பூ

விபத்தே பேசும், அதாவது "சம்பவமே சாட்சி"ங்கற கோட்பாட்டை வெச்சு மாஜிஸ்திரேட் தண்டிச்சிருக்கலாமே?

#16 பழையாறு

கிரிமினல் கேஸ்ல அந்தக் கோட்பாட்டை அப்படியே தூக்கி வைக்கக் கூடாதுன்னு சையத் அக்பர் வழக்குல (1980) உச்சநீதிமன்றம் விரிவா சொல்லியிருக்கு. ஒரு பிள்ளை திடீர்னு ரோட்டைக் கடந்து பஸ்ஸுல மாட்டின கேஸ், டிரைவர் விடுதலை. எதிர்ப்பக்கம் ரவி கபூர் (2012) இருக்கு, அதுல அந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தித் தண்டனை. அரசுத் தரப்பு அதைத்தான் காட்டும். ரெண்டையும் படிச்சுட்டுப் போகணும்.

லைசென்ஸ் இல்லைங்கறது சேர்ந்திருந்தா, சுலைமான் ரஹிமான் முலானி (1968). லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம், அதனாலேயே அஜாக்கிரதைன்னு ஆகாது.

#17 ரப்பர்தோட்டம்

லைசென்ஸ் எல்லாம் சரியா இருக்கு. நேத்து எல்லாக் காகிதமும் கிடைச்சு உட்கார்ந்து பார்த்தேன். கண்ணுல பட்டதை எழுதறேன்.

மாதிரி வரைபடம்: வளைவு வரைஞ்சு, மோதின இடம் "அ", கண்ணாடித் துண்டுகள் "ஆ"ன்னு குறி. அளவு எதுவும் இல்லை. வடக்கு எதுன்னுகூட இல்லை.

அ.சா.2: "எதிரே வந்த பைக் மீது டெம்போ நேருக்கு நேர் மோதியது".

எம்.வி.ஐ. அறிக்கை, விபத்து நடந்து மூணாம் நாள் ஸ்டேஷன்ல வெச்சுப் பார்த்தது. "முன் பம்பர், முகப்பு விளக்குகள், முன் கண்ணாடி சேதமில்லை. இடது பின்புற மட்கார்டு நசுங்கியுள்ளது, இடது பின் விளக்கு உடைந்துள்ளது. இவ்விபத்து இயந்திரக் கோளாறு காரணமாக ஏற்பட்டதல்ல."

#18 குழித்துறைப்பாலம்

ஓய், இதை ஏன் பதினாறு பதிவுக்கு அப்புறம் சொல்றீங்க!

எதிரே வர்ற வண்டி நம்ம ஊர்ல டெம்போவோட வலப்பக்கமாத்தான் கடக்கும். நேருக்கு நேர் மோதினா முன்பக்கம் அடிபடணும், ஒரசிப் போனா வலப்பக்கம் அடிபடணும். இடது பின் மூலை எப்படி நசுங்கும்? அந்தப் பைக் எதிரே வரலை. ஒரே திசையில, பின்னால வந்திருக்கு. அ.சா.2 பார்த்தேன்னு சொன்னது நடக்கவே முடியாத விஷயம்.

"இயந்திரக் கோளாறு இல்லை"ங்கற கடைசி வரியை மட்டும் தீர்ப்புல எடுத்து எழுதியிருப்பாங்க, பாருங்க. அந்த வரி வண்டி நல்லா இருந்ததுன்னு மட்டும்தான் சொல்லுது. டிரைவர் எப்படி ஓட்டினார்னு அதுல ஒண்ணும் இல்லை. மேலே உள்ள சேத விவரத்தை யாரும் படிக்கறதில்லை.

#19 ரப்பர்தோட்டம்

ஆமா, தீர்ப்பு 9-வது பாராவுல அந்தக் கடைசி வரி மட்டும்தான் இருக்கு.

#20 வேளிமலை

குஷியாகறதுக்கு முன்னாடி எதிர்க்கட்சி வக்கீலாவும் நின்னு பாருங்க. டெம்போ அந்தப் பைக்கை முந்திட்டு, முழுசா கடக்கறதுக்கு முன்னாடியே இடப்பக்கம் ஒடிச்சிருந்தா? பைக்காரர் இடது பின் மூலையில்தான் மாட்டுவாரு. அப்போ தப்பு டெம்போ மேலதான். அதே சேதம் ரெண்டு கதைக்கும் பொருந்தும்.

மூணு நாள் கழிச்சு ஸ்டேஷன்ல பார்த்ததால, அது பழைய சேதம்னும் அரசுத் தரப்பு சொல்லலாம். எம்.வி.ஐ.யை விசாரிச்சப்போ அதைப் பத்திக் கேட்டிருக்கான்னு பாருங்க.

#21 பழையாறு

அந்த முந்தற கதை அரசுத் தரப்போட வழக்கா? இல்லை. எஃப்.ஐ.ஆர்., குற்றச்சாட்டு, அ.சா.2 எல்லாமே எதிரெதிர் மோதல். 313-ல எதிரிகிட்டக் கேட்டதும் அதுதான். அப்பீல்ல வந்து "எதிரே இல்லை, முந்தும்போது"ன்னு புதுக் கதையில தண்டனையைக் காப்பாத்த முடியாது. எதிரிகிட்டக் கேட்காத சூழ்நிலையை அவருக்கு எதிராப் பயன்படுத்தக் கூடாதுங்கறது தீர்ந்துபோன சட்டம்.

நம்ம தரப்பும் புதுக் கதை கட்ட வேண்டாம். "பைக்காரர் இடப்பக்கமா முந்தினார்"னு மெமோவுல எழுதினா அதை நிரூபின்னு கேட்பாங்க. அரசு சொன்ன விதத்துல விபத்து நடக்கலைன்னு அவங்க ஆவணமே சொல்லுது, அதோட நிறுத்துங்க.

#22 ரப்பர்தோட்டம்

எம்.வி.ஐ. குறுக்கு விசாரணை ரெண்டே வரி. "வாகனத்தின் முன்பகுதியில் சேதம் இல்லை என்றால் சரிதான். இடது பின்புறச் சேதம் புதியது என்றால் சரிதான்."

#23 குழித்துறைப்பாலம்

ரெண்டாவது வரி போதும். பழைய சேதம்ங்கற வாசலும் அடைஞ்சது. அந்தக் கேள்வியைக் கேட்ட வக்கீல் யாரோ, அவரையே அப்பீலுக்கும் வெச்சுக்கலாம்.

முதல் காரணமா இதைப் போடுங்க. எம்.வி.ஐ. அறிக்கையோட அ.சா.ஆ. எண், சாட்சியப் பக்கம், தீர்ப்பு பாரா 9, மூணையும் ஒரே பத்தியில. ரெண்டாவது, அளவில்லாத வரைபடம். மூணாவது, திருவனந்தபுரம் டாக்டர் விசாரிக்கப்படலைன்னா அது. "ஏககாலம்", 279 ரெண்டும் கடைசியில, மாற்றுக் கோரிக்கையோட.

#24 கோர்ட்டுவாசல்

தாக்கல் செட்: அப்பீல் மெமோ, தீர்ப்பு நகல், வக்காலத்து, நிறுத்திவைப்பு மனு, அதுக்கு அபிடவிட், அபராதம் கட்டின ரசீது நகல், மாஜிஸ்திரேட் நிறுத்தி வெச்ச உத்தரவு நகல், அரசு வழக்கறிஞருக்கு ஒரு செட். கோரிக்கையில "கட்டிய அபராதத் தொகையைத் திருப்பித் தர"ங்கற வரியைச் சேருங்க. விடுதலை ஆனாலும் அந்த வரி இல்லாம பணம் வாங்கறது தனி அலைச்சல்.

நிறுத்திவைப்பு ஆர்டர் வந்தா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. சாதாரணமா ரெண்டு ஜாமீன்தாரரோட மாஜிஸ்திரேட் முன்னாடி புது பாண்டு எழுதணும்னு நிபந்தனை இருக்கும். ஜாமீன்தாரர் ரெண்டு பேரும் வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு அசல், போட்டோவோட தயாரா இருக்கணும். ரசீது ஜாமீன்தாரர் பேர்லயே இருக்கணும். இறந்துபோன அப்பா பேர்ல இருக்கற ரசீதைக் கொண்டுவந்து நிக்கறது வாராவாரம் நடக்கற கூத்து.

டிரைவர் வளைகுடாவுக்குப் போற எண்ணம் இருந்தா, பாண்டு நிபந்தனையைப் படிச்சுட்டு, அனுமதி வாங்காம டிக்கெட் போடக் கூடாது. வசதி இல்லாதவங்க கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். காவல்ல இருக்கறவங்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டாங்க.

#25 ஆறுவழி

லைசென்ஸ்? நாகர்கோவில் ஆர்.டி.ஓ.வுல இருந்து நோட்டீஸ் வந்தா?

#26 கோர்ட்டுவாசல்

தண்டனை நிறுத்திவைப்பு வேற, தீர்ப்பையே நிறுத்தி வைக்கறது வேற. நிறுத்திவைப்பு ஆர்டர்ல "தண்டனை"ன்னு மட்டும் இருந்தா குற்றவாளின்னு வந்த முடிவு அப்படியே நிக்கும். ஆர்.டி.ஓ. நோட்டீஸுக்கு அப்பீல் நம்பரைக் காட்டிப் பதில் கொடுங்க, சும்மா விடாதீங்க. தீர்ப்பையே நிறுத்தி வைக்கணும்னா (ராமா நாரங் வழக்கு, 1995) வேலை போகும், இன்ன உத்தரவு வந்திருக்குன்னு குறிப்பாக் காட்டித் தனி மனு போடணும். அரசுப் பஸ் டிரைவர்கள் இதைத்தான் கேட்பாங்க. அரிதாத்தான் கிடைக்கும்.

#27 வேளிமலை

ஒண்ணு விட்டுப்போச்சு. அப்பீல் நம்பர் ஆன பிறகு வாய்தாவுக்கு வக்கீல் போகலைன்னா அதுக்காகவே அப்பீலைத் தள்ளுபடி பண்ண முடியாது, ரெக்கார்டைப் பார்த்துத் தகுதி அடிப்படையில முடிவு பண்ணணும், பானி சிங் (1996). ஆனா வாதம் இல்லாம பண்ற முடிவுல மட்கார்டு யார் கண்ணுல படும்? எழுத்து வாதமும் கொடுங்க, அஞ்சு பக்கத்துக்கு மேல போகாம.

#28 ரப்பர்தோட்டம்

சரி. இன்னைக்கு 14-ம் நாள். டாக்டர் விசாரிக்கப்படலை, சான்றிதழை இன்ஸ்பெக்டர் வழியாத்தான் குறியீடு பண்ணியிருக்காங்க, ஆட்சேபணையும் பதிவாகியிருக்கு. மொழிபெயர்ப்பு இணைக்கலை. மெமோ இந்த வாரத்துக்குள்ள முடியும்.

ஜாமீன்தாரர்ல ஒருத்தரோட வீட்டு வரி ரசீது போன வருஷத்தது. ஓடுமா?

#29 கோர்ட்டுவாசல்

ஓடாது. நாளைக்கே பஞ்சாயத்து ஆபீஸ்ல இந்த வருஷ வரியைக் கட்டி ரசீது வாங்கச் சொல்லுங்க.